பைசாந்திய ஆயர்களின் ஈய முத்திரைகளும் அவற்றில் வீற்றிருக்கும் புனிதர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கான்ஸ்டான்டிநோபிளை (இன்றைய இஸ்தான்புல்) தலைநகராகக் கொண்ட கிழக்கு ரோமப் பேரரசான, இடைக்காலப் பைசாந்தியப் பேரரசின் ஆயர்கள் தங்கள் கடிதங்களிலும் ஆவணங்களிலும் கட்டித் தொங்கவிட்ட ஈய முத்திரைகளைப் பற்றி, இத்துறையைப் புதிதாக அணுகுகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. முத்திரைகளின் ஒரு பக்கத்தில் காணப்படும் புனிதர்களின் உருவங்களே இங்கு முதன்மையாகப் பேசப்படுகின்றன. பேரரசின் நிர்வாகம், வரி, படை ஆகியவற்றைச் சேர்ந்த முத்திரைகள் தேவையான இடத்தில் மட்டும் குறிப்பிடப்படுகின்றன.

ஈய முத்திரை எதற்காகப் பயன்பட்டது?

இரண்டு வேலைகளுக்குப் பயன்பட்டது. முதலாவது, கடிதத்தை மூடுவது. எழுதிய தாளை மடித்து, கயிற்றால் கட்டி, கயிற்றின் இரு முனைகளையும் சிறிய ஈய வில்லை ஒன்றினுள் நுழைத்து, அந்த வில்லையை நசுக்கிவிடுவார்கள். அதன்பின் கயிற்றை அறுக்காமல் கடிதத்தைப் பிரிக்க முடியாது. ஆகவே வழியில் யாரும் படிக்கவில்லை என்பதற்கு முத்திரையே சாட்சி. இரண்டாவது, தீர்ப்பு, கொடை, நியமனம் போன்ற ஆவணங்களின் அடியில் அதைத் தொங்கவிட்டு, ஆவணம் உண்மையானது என்று உறுதிசெய்வது. ஆயர் ஒருவர் தம் மறைமாவட்டக் குருக்களுக்கும், பிற ஆயர்களுக்கும், தலைநகரிலிருந்த அதிகாரிகளுக்கும் எழுதிய எல்லாவற்றிலும் அவருடைய முத்திரை சென்றது. தாள் மக்கிப்போய்விட்டது, ஈயம் மண்ணுக்கடியில் ஆயிரம் ஆண்டு கிடந்தும் நிலைத்தது. இன்று நம் கையில் இருப்பவற்றில் மிகப் பெரும்பாலானவை, தாம் காத்த எழுத்தை இழந்து தனித்து நிற்கும் முத்திரைகளே.

பொன்னோ மெழுகோ இல்லாமல் ஏன் ஈயம்?

பொன் முத்திரை பேரரசருக்கே உரியது. வெள்ளி மிக அரிது. மெழுகும் வழக்கில் இருந்தது, ஆனால் அது எளிதில் உருகும், உடையும். ஈயமோ மலிவானது, மென்மையானது, சுத்தியலின் ஒரே அடிக்கு நுணுக்கமான கோடுகளையும் ஏற்றுக்கொள்வது. பேரரசரின் அன்றாடக் கடிதங்கள் தொடங்கி, மறைமுதுவர் (பேட்ரியார்க் எனப்படும் தலைமை ஆயர்), தளபதி, எழுத்தர், துறவி வரை எல்லாரும் அதையே பயன்படுத்தினார்கள்.

முத்திரையை எப்படி அடித்தார்கள்?

முதலில் அச்சு ஒன்றில் ஈயத்தை வார்த்து வில்லை செய்துகொள்வார்கள். அதன் குறுக்கே, மேலிருந்து கீழாக, கயிறு செல்வதற்கு ஒரு துளை விடப்பட்டிருக்கும். அடிக்கும் கருவி இரும்பாலான ஒரு பெரிய குறடு. அதன் இரு வாய்களிலும் வட்ட முகங்கள் உண்டு. ஒன்றில் புனிதரின் உருவமும் மற்றொன்றில் எழுத்தும் இடவலம் மாறி உட்குழிவாகச் செதுக்கப்பட்டிருக்கும். கயிறு நுழைத்த வில்லையைக் குறட்டின் வாயில் வைத்து, மேல் தாடையின் மீது சுத்தியலால் ஓங்கி அடித்தால், இரு பக்கமும் ஒரே நேரத்தில் பதியும். துளை நசுங்கிக் கயிற்றை இறுகப் பிடித்துக்கொள்ளும்.

அடி எப்போதும் நடுவில் விழுவதில்லை. புனிதரின் தலையொளி வட்டம் முழுமையாக விழுந்து, மறுபக்கத்தில் ஒவ்வொரு வரியின் முதலெழுத்தும் விளிம்புக்கு வெளியே போய்விட்ட முத்திரைகள் ஏராளம். இருந்தாலும் ஒரே குறட்டால் அடித்த வேறொரு முத்திரை கிடைத்துவிட்டால், இதில் இல்லாத எழுத்து அதில் இருக்கும். எங்கோ ஓர் அருங்காட்சியகத்தில் உள்ள பாதியையும் இன்னொரு நாட்டில் உள்ள பாதியையும் சேர்த்து ஓர் ஆயரின் பெயரை முழுமையாக்குவது இத்துறையின் அன்றாட வேலை.

கையில் எடுத்துப் பார்த்தால் என்ன தெரியும்?

தெசலோனிக்காவின் ஆயர் ஒருவருடைய முத்திரை, 11-ஆம் நூற்றாண்டினது என்று வைத்துக்கொள்வோம். அகலம் இரண்டரை சென்டிமீட்டருக்கு அருகில் இருக்கும்; அளவுக்கு மீறிய கனம் உள்ளங்கையில் உடனே தெரியும். நிறம் சாம்பல், சில இடங்களில் வெண்மை படர்ந்திருக்கும். விளக்கை மேலிருந்து காட்டினால் ஒன்றும் விளங்காது. பக்கவாட்டில், மிகத் தாழ்வாகக் காட்டவேண்டும்; அப்போது மணிகள் கோத்ததுபோன்ற ஒரு வட்டம் எழும். அதற்குள் தாடியற்ற ஓர் இளைஞனின் மார்பளவு உருவம், தலையைச் சுற்றி ஒளி வட்டம், கையில் ஈட்டி, மறு கையில் கேடயம். இடப்பக்கம் ஒரு வட்டத்துக்குள் ஆல்பா எழுத்து: ‘ஓ ஆகியோஸ்’, அதாவது ‘புனிதர்’ என்பதன் சுருக்கம். அதன் கீழும் வலப்பக்கமும் எழுத்துகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கி, தெமேத்ரியுஸ் என்ற பெயரைத் தருகின்றன.

திருப்பினால் ஐந்தோ ஆறோ வரிகள். முதலில் ஒரு சிறிய சிலுவை. பின்னர் ‘கீரியே வொயீதி தோ ஸோ தூலோ’, ‘ஆண்டவரே, உம் அடியானுக்கு உதவும்’ என்ற மன்றாட்டு. அதைத் தொடர்ந்து ஆயரின் பெயர், பதவி, நகரம். சொற்கள் இடைவெளியின்றி ஓடுகின்றன, பாதிச் சொல்லில் வரி முறிகிறது. மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் கயிறு சென்ற துளையின் வாய் தெரியும்.

இரு பக்கங்களையும் சேர்த்தே படிக்கவேண்டும் என்பதே நான் இங்கு முதலில் வலியுறுத்த விரும்புவது. எழுத்துப் பக்கம் ஒரு வேண்டுதல், உருவப் பக்கம் அந்த வேண்டுதலைக் கொண்டுசெல்லும் பரிந்துரையாளர். புனிதரை அழகுக்காக வைத்த சித்திரம் என்று எண்ணி எழுத்தை மட்டும் படியெடுப்பவர்கள், ஆயர் சொல்ல வந்ததில் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

ஆயர்கள் எந்தப் புனிதரைத் தேர்ந்தார்கள்?

அதிகம் கேட்கப்படுவதும், ஒரே வரியில் விடை சொல்ல முடியாததுமான கேள்வி இது. தேர்வுக்குப் பல காரணங்கள் இருந்தன. அவற்றுள் ஆயர்களிடம் தனித்துத் தெரிவது, தம் நகரத்தின் காவலரான புனிதரை வைக்கும் வழக்கம்.

தெசலோனிக்காவுக்குத் தெமேத்ரியுஸ், அவருடைய பெருங்கோயில் அந்நகரில்தான் இருந்தது. எபேசுக்கு நற்செய்தியாளரான யோவான். மீரா நகருக்கு, அங்கேயே ஆயராக இருந்த நிக்கோலாஸ். கிரேத்துத் தீவுக்குத் தீத்து. திருத்தூதர் பவுல் அவரை அங்கே விட்டுவந்ததாக விவிலியத்தில் உள்ள கடிதமே கூறுகிறது. 961-இல் பைசாந்தியத் தளபதி நிக்கெபோரோஸ் ஃபோக்காஸ் அத்தீவை அரபியரிடமிருந்து மீட்டபின் அங்கு அமர்ந்த ஆயர்களின் முத்திரைகளில் தீத்து தோன்றும்போது, ‘இந்தத் திருச்சபை நேற்று நிறுவப்பட்டதன்று’ என்ற உரிமைக் குரலை அதில் கேட்கமுடிகிறது.

கிரேக்கத்தின் பத்ராஸ் நகரத்தை எடுத்துக்கொண்டு சற்று விரிவாகப் பார்க்கலாம். திருத்தூதர் அந்திரேயா அங்கேயே சிலுவையில் உயிர்விட்டார் என்பது மரபு. 9-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிலாவியர் அந்நகரை முற்றுகையிட்டபோது, அந்திரேயாவே தோன்றி அவர்களைத் துரத்தினார் என்று 10-ஆம் நூற்றாண்டில் பேரரசர் ஏழாம் கான்ஸ்டன்டைனின் பெயரால் தொகுக்கப்பட்ட நூல் சொல்கிறது. வெற்றி அந்திரேயாவுடையது என்று கருதிய பேரரசர் முதலாம் நிக்கெபோரோஸ், தோற்றவர்களை அந்திரேயாவின் கோயிலுக்கே ஊழியம் செய்யும்படி ஒப்படைத்து, பத்ராஸை மெட்ரோபாலிட்டன் தகுதிக்கு உயர்த்தினார் என்பதும் அதே நூலில் உண்டு. ஆக, பத்ராஸின் ஆயர் தம் முத்திரையில் கலைந்த தலைமுடியோடும் சிலுவையோடும் அந்திரேயாவைப் பதித்தபோது, அது பக்தியும்தான். தம் ஆசனத்தின் தகுதிக்கும் நிலத்துக்கும் உரிய பட்டயத்தைக் காட்டுவதும்தான். இரண்டையும் பிரித்துப் பார்க்க அக்காலத்து மனிதர் எவரும் முயன்றிருக்கமாட்டார்.

மெட்ரோபாலிட்டன் என்பது பெருநகரத்தில் அமர்ந்து, சுற்றியுள்ள ஆயர்களுக்குத் தலைவராக இருந்தவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல். தமிழ்க் கத்தோலிக்கர் முன்பு ஆயரைக் குறிக்க வழங்கிய ‘மேற்றிராணியார்’ என்ற சொல், சிரிய மொழியும் மலையாளமும் வழியாக வந்த இதே சொல்தான்.

தம் பெயரையே கொண்ட புனிதரை வைப்பது வழக்கமில்லையா?

உண்டு, ஆனால் பலர் எதிர்பார்க்கும் அளவுக்கு இல்லை. நிக்கோலாஸ் என்ற ஆயர் நிக்கோலாஸையும், யோவான் என்ற ஆயர் யோவானையும் பதித்த முத்திரைகள் இருக்கின்றன. அதே சமயம், யோவான் என்று பெயர்கொண்ட எத்தனையோ ஆயர்கள் மரியாவையோ, நிக்கோலாஸையோ, நகரக் காவலரையோ தேர்ந்திருக்கிறார்கள். துறவியாக வாழ்ந்த மடத்தின் காவலர், குடும்பத்தில் வழிவழியாக வணங்கிவந்த புனிதர், தமக்கு முன்னிருந்த ஆயரின் வழக்கம் என்று வேறு காரணங்களும் இருந்திருக்க வேண்டும். ஒரே முத்திரையை வைத்துக்கொண்டு அந்த மனிதரின் உள்ளத்தைக் கூறிவிட முயலும் கட்டுரைகளை எச்சரிக்கையுடன் படிப்பது நல்லது. நூற்றுக்கணக்கான முத்திரைகளை அருகருகே வைத்தால்தான் விருப்பத்தின் போக்கு தெரியும்.

மரியாவின் உருவம் ஏன் இவ்வளவு அதிகம்?

முத்திரைகளில் மிக அதிகமாகக் காணப்படும் உருவம் இறையன்னை மரியாவுடையதே, ஆயர்களிடமும் அப்படியே. கான்ஸ்டான்டிநோபிள் அவருடைய பாதுகாப்பில் உள்ள நகரம் என்று மக்கள் உறுதியாக நம்பினார்கள். திருவுருவ வணக்கத்தின் மீதான தடை 843-இல் நீங்கியபின் அந்நகரின் மறைமுதுவர்கள் தங்கள் முத்திரையில் குழந்தையை ஏந்திய மரியாவை வைத்தார்கள். மறுபக்கத்தில் ‘புதிய ரோமாகிய கான்ஸ்டான்டிநோபிளின் பேராயர்’ என்ற பட்டம் இருக்கும். தலைமை ஆசனத்தின் வழக்கம் மற்ற ஆயர்களிடமும் பரவியது இயல்பே.

உருவம் ஒன்றாக இருந்தாலும் தோற்றங்கள் பல. இடக்கையில் குழந்தையை ஏந்தி வலக்கையால் அவரைச் சுட்டிக்காட்டும் ‘ஓதிகீத்ரியா’ என்ற வழிகாட்டும் அன்னை. இரு கைகளையும் உயர்த்தி மன்றாடுபவர். மார்புக்கு முன்னே குழந்தை இயேசுவின் வட்டப் பதக்கத்தைத் தாங்குபவர். பக்கவாட்டில் திரும்பிக் கைகளை ஏந்திப் பரிந்து வேண்டுபவர். இவற்றுள் சில, தலைநகரின் புகழ்பெற்ற கோயில்களில் இருந்த திருவோவியங்களை நினைவூட்டுபவை. மரியாவின் இருபுறமும் ‘மீத்திர் தெயூ’, அதாவது ‘கடவுளின் தாய்’ என்பதன் சுருக்கெழுத்து நான்கே எழுத்துகளில் வரும்.

ஏதென்ஸின் நிலை தனித்தது. அங்கே பழங்காலக் கிரேக்கக் கோயிலான பார்த்தெனானே மரியாவின் பேராலயமாக மாறியிருந்தது. 1018-இல் பல்கேரியப் போரை முடித்த பேரரசர் இரண்டாம் பேசில் நன்றி செலுத்த நேரே வந்தது அங்குதான். அந்நகர ஆயர்களின் முத்திரைகளில் உள்ள மரியா ‘ஏதென்ஸின் அன்னை’. பேரரசு முழுவதற்கும் பொதுவானவர், அங்கே அந்த ஊருக்கே உரியவராகவும் ஆகிறார்.

கிறிஸ்துவின் உருவம் ஏன் அரிது?

கிறிஸ்துவின் உருவம் பேரரசரின் நாணயத்துக்கும் முத்திரைக்கும் உரியதாக நிலைபெற்றிருந்தது. மற்றவர்கள் அதைத் தவிர்த்ததற்கு அது ஒரு காரணம். பரிந்துரைக்கும் புனிதரை முன்னிறுத்தி ஆண்டவரிடம் வேண்டுவது பணிவுக்கு ஏற்றது என்ற எண்ணமும் உடனிருந்திருக்கலாம். மன்றாட்டு வரி ‘ஆண்டவரே’ என்று கிறிஸ்துவையே விளிக்கும். உருவப் பக்கத்தில் மரியாவோ நிக்கோலாஸோ நிற்பார்கள்.

திருவுருவ எதிர்ப்புக் காலத்தில் என்ன நடந்தது?

730-க்குச் சற்று முன்பின்னாகத் தொடங்கி 787 வரையும், மீண்டும் 815 முதல் 843 வரையும், திருவுருவ வணக்கம் பேரரசில் தடைசெய்யப்பட்டிருந்தது. முத்திரைகள் இதற்குத் தெளிவான சாட்சிகள். அதற்குமுன், 6, 7-ஆம் நூற்றாண்டுகளில், ஆயர்களின் முத்திரைகளில் புனிதர்களின் உருவங்களும், பெயரெழுத்துகளைப் பின்னிக் கட்டிய எழுத்துக்கோலங்களும் இருந்தன. தடைக்காலத்தில் உருவம் மறைந்து, சிலுவை வடிவ எழுத்துக்கோலம் அந்த இடத்தைப் பிடித்தது. ‘ஆண்டவரே உதவும்’ அல்லது ‘இறையன்னையே உதவும்’ என்ற விளி, சிலுவையின் கைகளிலும் நடுவிலும் எழுத்துகளாக அடுக்கப்பட்டிருக்கும்; நான்கு மூலைகளிலும் ‘உம் அடியானுக்கு’ என்ற சொற்கள் பிரித்து வைக்கப்பட்டிருக்கும்.

இதில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். இறையன்னையின் உருவம் போனபிறகும் அவரை நோக்கிய வேண்டுதல் போகவில்லை. சண்டை உருவத்தைப் பற்றியது. பரிந்துரையின் மீதான நம்பிக்கை அதே ஈயத்தில் தொடர்ந்தது. 843-க்குப்பிறகும் எல்லாரும் மறுநாளே உருவங்களுக்குத் திரும்பிவிடவில்லை. 9-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 10-ஆம் நூற்றாண்டிலும் படிகளின்மேல் நிற்கும் சிலுவை பரவலாக இருந்தது. 11-ஆம் நூற்றாண்டில்தான் புனிதர்களின் கூட்டம் பெருகுகிறது; முத்திரைகளின் எண்ணிக்கையும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கிறது.

பெயர் அழிந்துவிட்டால் புனிதரை எப்படி அடையாளம் காண்பது?

முகத்தையும் உடையையும் கொண்டு. ஆயர்களாக இருந்த புனிதர்கள் சிலுவைகள் பொறித்த நீண்ட தோள்துகிலை அணிந்து, இடக்கையில் நற்செய்தி நூலைத் தாங்கி, வலக்கையால் ஆசி வழங்குவார்கள். அவர்களுக்குள் வேறுபாடு தலையில்தான். உயர்ந்த நெற்றியும் குட்டையான வட்டத் தாடியும் நிக்கோலாஸ். நீண்டு கூர்ந்த தாடி பேசில். ஒடுங்கிய முகமும் மெல்லிய தாடியும் யோவான் கிறிசோஸ்தோம். படைவீரப் புனிதர்களில் சுருள்முடியும் தாடியற்ற முகமும் ஜார்ஜ். அடர்ந்த தாடி தியோடர். இத்தனையும் ஒரு பயற்றின் அளவே உள்ள முகத்தில் செதுக்கப்பட்டிருக்கிறது என்பதை நினைக்கும்போது, பெயர் தெரியாத அந்தச் செதுக்குநர்கள்மீது மிகுந்த மதிப்பு உண்டாகிறது.

தெமேத்ரியுஸ் காலத்துக்கேற்ப மாறியவர். முந்தைய உருவங்களில் அவர் அரசவை மேலாடை அணிந்து சிலுவை ஏந்திய மறைச்சாட்சி. பிற்பாடு கவசமும் ஈட்டியும் கொண்ட வீரர். படைத்தலைமைக் குடும்பங்கள் செல்வாக்குப் பெற்ற 11-ஆம் நூற்றாண்டில் வீரப் புனிதர்கள் முத்திரைகளில் பெருகினார்கள். ஆயர்கள் பொதுவாக மரியா, நிக்கோலாஸ், திருத்தூதர்கள், ஆயர்-புனிதர்கள் பக்கமே சாய்ந்தார்கள். நகரக் காவலர் வீரராக இருந்தால் அவரை வைத்தார்கள்.

தனி ஆயருக்கு அன்றி, திருச்சபை அலுவலகத்துக்கென முத்திரை இருந்ததா?

இருந்தது. கான்ஸ்டான்டிநோபிளின் ஹாகியா சோபியா பேராலயத்தில் ‘எக்திக்கோய்’ என்ற குருக்கள் குழு ஒன்று செயல்பட்டது. கோயிலில் அடைக்கலம் தேடி வந்தவர்களின் வழக்கை விசாரித்தது அக்குழுவே. கொலை செய்துவிட்டு ஓடிவந்தவர்களும் அவர்களில் உண்டு. அக்குழுவின் முத்திரையில் மரியாவும் பேரரசர் ஜஸ்டினியனும் எதிரெதிரே நின்று, பேராலயத்தின் சிறிய உருவத்தை நடுவில் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள். கட்டிய அரசரும் காக்கும் அன்னையும் ஒரே கூரையை ஏந்தும் அந்தக் காட்சியைவிட, அடைக்கலம் என்ற கருத்துக்குப் பொருத்தமான உருவத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

மறுபக்கத்தில் கவிதையும் உண்டு என்கிறார்களே?

உண்டு. 11-ஆம் நூற்றாண்டிலிருந்து, பன்னிரண்டு அசை கொண்ட அடிகளில் மன்றாட்டை எழுதும் வழக்கம் பெருகியது. புனிதரை நேரடியாக விளித்து ‘என்னைக் காப்பாயாக’ என்று வேண்டும் அடிகள் அதிகம். பெயரே சொல்லாத முத்திரைகளும் உள்ளன. அவற்றில் அடிக்கடி வரும் ஓர் அடியின் பொருள் இது: ‘நான் யாருடைய முத்திரை என்பதை, எழுதியதைப் பார்த்து அறிந்துகொள்.’ பெயரைக் கடிதத்துக்குள்ளேயே விட்டுவிட்டார்கள். கடிதம் அழிந்தது, பெயரும் போயிற்று.

ஆயர் யார், எந்தக் காலத்தவர் என்று எப்படிக் கணிக்கிறார்கள்?

முத்திரையில் ஆண்டு பொறிக்கும் வழக்கம் இல்லை. எழுத்துகளின் வடிவம், மன்றாட்டின் சொற்கள், பட்டங்கள், உருவத்தின் பாணி ஆகியவற்றைக் கொண்டு நூற்றாண்டையோ அதன் பாதியையோ கணிக்கலாம். ஆயர்கள் பெரும்பாலும் குடும்பப் பெயரைச் சேர்ப்பதில்லை என்பதால் ‘யோவான், ஆயர்’ என்று மட்டும் கிடைக்கும். திருச்சபைச் சங்கங்களின் (ஆயர்கள் கூடிய பேரவைகளின்) பதிவுகளிலும் கடிதங்களிலும் பெயர் வந்தால் பொருத்திப் பார்க்கலாம். வேறெங்கும் பதிவாகாத ஆயர்களும் எத்தனையோ பேர். அவர்கள் வாழ்ந்ததற்கு இந்தச் சிறு ஈயத்துண்டு ஒன்றே சான்று.

ஊர்ப் பெயரிலும் குழப்பம் உண்டு. செசரியா என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட நகரங்கள் இருந்தன. முத்திரையில் பேசில் நின்றால், அவர் ஆயராக இருந்த கப்பதோக்கியச் செசரியாவை நோக்கியே எண்ணம் செல்லும். உருவம் இங்கே எழுத்துக்குத் துணைவருகிறது.

இவை எங்கே கிடைக்கின்றன, எங்கே பார்க்கலாம்?

முத்திரை அனுப்பியவரிடம் தங்குவதில்லை, பெற்றவரிடமே போய்ச்சேர்கிறது. ஆகவே அது கிடைத்த இடம், கடிதம் சென்றடைந்த இடம். பல்கேரியாவின் பிரெஸ்லாவிலும், கிரிமியாவின் கெர்சோனிலும், கொரிந்திலும், இஸ்தான்புல்லிலும் மிகுதியாகக் கிடைத்துள்ளன. உலகின் மிகப்பெரிய தொகுப்பு, ஏறத்தாழ 17,000 முத்திரைகள், வாஷிங்டனில் உள்ள டம்பார்ட்டன் ஓக்ஸ் நிறுவனத்தில் இருக்கிறது. அவற்றுள் பலவற்றின் படங்களை இணையத்தில் காணலாம். சென்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிட்டேஜ், ஏதென்ஸின் நாணயவியல் அருங்காட்சியகம், இஸ்தான்புல் தொல்லியல் அருங்காட்சியகம் ஆகியவற்றிலும் சிறந்த தொகுப்புகள் உள்ளன.

தோண்டி எடுத்தவரிடமிருந்து நேரே சந்தைக்குப் போகும் முத்திரை, கிடைத்த இடத்தின் பதிவை அங்கேயே இழந்துவிடுகிறது. பெயரும் புனிதரும் மிஞ்சுவார்கள். கடிதம் எங்கே போயிற்று என்பது மீளாது. வாங்க நினைப்பவர்கள் இதை எண்ணிப்பார்க்கவேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

போலிகள் உண்டா? உண்மையானவற்றை எப்படிப் பேணுவது?

போலிகள் உண்டு. வார்ப்பில் செய்த போலியில் சிறு காற்றுக்குமிழ்களும், விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடும் தெரியலாம். அடித்த முத்திரையில் ஈயம் பிதுங்கி நகர்ந்த தடமும், நசுங்கிய துளையும் இருக்கும். பேணுவதைப் பொறுத்தவரை, மரப் பேழை, குறிப்பாக ஓக் மரம், கூடாது. மரத்திலிருந்து வெளிவரும் அமில ஆவி ஈயத்தை வெண்தூளாக்கிவிடும். தொட்டபின் கைகளைக் கழுவுவது கட்டாயம், ஈயம் நஞ்சு.

கயிற்றோடும் ஆவணத்தோடும் இன்றும் இருக்கும் முத்திரைகள் உண்டா?

மிகச் சில. கிரேக்கத்தின் ஆத்தோஸ் மலையின் மடங்களிலும், 1088-இல் நிறுவப்பட்ட பத்மோஸ் தீவின் யோவான் மடத்திலும், ஆவணங்கள் இடம்பெயராமல் காக்கப்பட்டதால் சில தப்பின. 1204-இல் சிலுவைப் போர்வீரர் கான்ஸ்டான்டிநோபிளைக் கைப்பற்றியபின் ஈய முத்திரைகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. மேற்கே போப்பாண்டவர்கள், பேதுரு, பவுல் இருவரின் தலைகளைத் தாங்கிய ஈய முத்திரையைத் தொடர்ந்து பயன்படுத்தினார்கள். ‘புல்’ என்று போப்பின் ஆணைக்கு வழங்கும் பெயரும் முத்திரையைக் குறிக்கும் ‘புல்லா’ என்ற சொல்லிலிருந்தே வந்தது. மண்ணிலிருந்து வரும் முத்திரைகளிலும், எப்போதாவது, துளைக்குள்ளே நசுங்கிய நிலையில் சில நூலிழைகள் ஒட்டிக்கொண்டிருப்பதுண்டு. அந்த நூலை அறுத்துத்தான் யாரோ ஒருவர் அந்தக் கடிதத்தைப் பிரித்துப் படித்தார்.